மன அமைதியை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம்

1902 வாக்கில் திருவண்ணாமலை விரூபாட்ச குகைக்கு ஒருவர் வந்தார். பெயர் சிவப்பிரகாசம் பிள்ளை. தத்துவம் படித்தவர். தென்னார்க்காடு வருவாய்த் துறையில் வேலை பார்த்துவந்தார். குகையில் இருந்த இளைஞர் ரமணருக்கு அப்போது 22 வயது. அவர் பேசுவதில்லை. கேட்ட கேள்விகளுக்கு எல்லாம் எழுதிக் காட்டினார். அந்தக் கேள்வி பதில்கள்தான் பின்னாளில், 1923-ல், ‘நான் யார்?’ என்ற சிறு நூலாக அச்சேறின.

அவற்றில் ஒரு கேள்வி இன்றைக்கும் பலர் மனதில் இருப்பது. கடவுளோ குருவோ பார்த்து ஒருவனைக் கரையேற்றிவிட முடியாதா என்று பிள்ளை கேட்கிறார். வழியைக் காட்டுவார்கள், தாமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டார்கள் என்று ரமணர் பதில் எழுதுகிறார். குருவின் அருளில் அகப்பட்டவன் கைவிடப்பட மாட்டான் என்று உறுதியும் தருகிறார். தந்த கையோடு, ஆனாலும் காட்டிய வழியில் அவரவர் முயற்சியால் நடந்துதான் ஆக வேண்டும் என்கிறார். தன்னை அறிய வேண்டியவன் தானேதான், அதைப் பிறர் எப்படிச் செய்து தர முடியும் என்றும் கேட்கிறார்.

குருவின் அருளையும் சீடனின் முயற்சியையும் ஒரே பதிலில் அருகருகே வைத்தார் ரமணர். நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டோம்.

இன்று மன அமைதியை வாக்களிக்காத ஊர் கிடையாது. கல்யாண மண்டபங்களில் மூன்று நாள் முகாம் நடக்கிறது. கைபேசியில் தியானச் செயலி இருக்கிறது. யூடியூபைத் திறந்தால் பிறவிப் பெருங்கடலைக் கடக்க ஒரு நிமிடக் காணொலி வருகிறது. அங்கே போகிறவர்களை ஏமாளிகள் என்று எழுதுவது எளிது. அப்படி எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

போகிறவர்கள் யார் என்று பாருங்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுப் பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அம்மாக்கள். ஓய்வுபெற்ற மறுநாளிலிருந்து யாரும் ‘சார்’ என்று கூப்பிடாத ஆசிரியர்கள். ஒரே மின்னஞ்சலில் வேலை போன இளைஞர்கள். குடிக்கிற கணவனோடு இருபது வருடம் குடும்பம் நடத்திய பெண்கள். வீட்டில் ஒருவரும் காது கொடுத்துக் கேட்காத ஒரு பெண்ணிடம், அங்கே வாசலிலேயே ஒருவர் “வாங்கம்மா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறார். அந்த ஒரு கேள்விக்காகவே மறுவாரமும் போகத் தோன்றும். வீடும் உறவும் தர வேண்டியதைத் தராதபோதுதான் மனிதர்கள் வெளியே தேடுகிறார்கள். அந்தத் தேவை உண்மையானது. அதைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

எங்கள் தெருவில் ஒரு அம்மா. கொரோனா இரண்டாம் அலையில் கணவரை இழந்தவர். மகள் பெங்களூரில் இருக்கிறாள். யாரோ சொல்லி ஒரு தியான மையத்துக்குப் போக ஆரம்பித்தார். முதல் சில மாதங்கள் உண்மையிலேயே நல்லது நடந்தது. இரவில் தூக்கம் வந்தது. வாசலில் மறுபடி கோலம் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சுண்டல் கொடுத்தார். பிறகு அடுத்த நிலை வகுப்பு, அதற்கடுத்த நிலை, வாரம் மூன்று நாள் சேவை, நகையை அடகு வைத்து நன்கொடை என்று போயிற்று. ஒருநாள் அவர் வீட்டுக் கூடத்தில் கணவர் படம் மாட்டியிருந்த ஆணியில் குருவின் படம் தொங்கியது. கணவரின் படம் பழைய பேப்பர் சுற்றிப் பரண்மேல் ஏறிவிட்டது. பழைய பந்தங்களைக் கழற்றினால்தான் மேலே போக முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் போன் செய்தால் எடுப்பதும் குறைந்துவிட்டது.

முதல் ஆறு மாதம் அவருக்குக் கிடைத்தது அமைதிதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பிறகு கிடைத்தது வேறு. வகுப்புக்குப் போன புதிதில் அவரால் தனியாக உட்கார முடிந்தது. இப்போது ஒரு வாரம் மையத்துக்குப் போகாவிட்டால் கை நடுங்குகிறது. ஏதோ தவறு செய்துவிட்டதாகப் பதறுகிறார். துக்கத்தைத் தாங்கப் பழக்க வேண்டிய இடம், தன்னைத் தாங்கிக்கொள்ளும் பலத்தையே அவரிடமிருந்து வாங்கிவிட்டது.

இதற்கு நேர் எதிராக நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அண்ணாமலை சுவாமி என்று ஒருவர் 1928-ல் ரமணரிடம் வந்தார். ஆசிரமத்தின் கட்டட வேலைகளை முன்னின்று நடத்தியவர் அவர். கோசாலை, உணவுக்கூடம் என்று இன்று அங்கே நாம் பார்க்கும் பல கட்டடங்கள் அவர் மேற்பார்வையில் எழுந்தவை. எந்தச் சுவர் எங்கே வர வேண்டும் என்று ரமணரே அவருக்குச் சொல்வார். பத்தாண்டு உழைத்த பிறகு, 1938-ல் வேலையை விட்டு, ஆசிரமத்தை ஒட்டியுள்ள பலாக்கொத்தில் தனியாகத் தியானம் செய்யப் போனார். அப்போதும் குருவைப் பார்க்க வருவதுண்டு. ஒருநாள் அப்படி வந்தபோது ரமணர் வேட்டியால் தன் முகத்தை மூடிக்கொண்டார். பார்க்க மறுத்துவிட்டார். சீடருக்கு எப்படி இருந்திருக்கும்! ஏன் என்று கேட்டதற்கு, தன்னிலே நிலைக்க முடிந்தவன் எதற்காக இங்கும் அங்கும் அலைய வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னாராம். அண்ணாமலை சுவாமி அதற்குப் பிறகு ஆசிரமத்துக்குள் போகவில்லை. கூப்பிடு தூரத்தில், 1995-ல் இறக்கும்வரை வாழ்ந்தார். குருவின் மீது அவருக்கு இருந்த அன்பு இம்மியும் குறையவில்லை என்பது அவர் சொல்லிப் பதிவான நினைவுகளைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

முகத்தை மூடிக்கொள்ளும் குரு எங்கே, தன் முகத்தைச் சுவர்தோறும் ஒட்டச் சொல்லும் குரு எங்கே! ரமணர் யாருக்கும் சடங்கு முறையில் தீட்சை கொடுத்ததில்லை. ஆசிரம நிர்வாகம் குழம்பக் கூடாது என்று 1938-ல் உயில் எழுதி வைத்தார். ஆனால், தனக்குப் பின் குரு இவர் என்று ஒருவரையும் கை காட்டவில்லை. பந்தியில் உட்கார்ந்தால் தன் இலைக்கு மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக விழுந்தாலும் ஒப்பமாட்டார். விடிவதற்கு முன்பே அடுக்களைக்குப் போய்க் காய் நறுக்குவார். ஒரு குருவைத் தெரிந்துகொள்ள அவர் மேடையில் பேசுவதைக் கேட்பதைவிட, பந்தியில் அவர் இலையைப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

குருவே வேண்டாம் என்பது தமிழ்ச் சமய மரபின் குரல் ஆகாது. சைவம் குருவை நடமாடும் சிவமாகவே வைத்திருக்கிறது. ஆனால், அந்த மரபே குருவைப் பரீட்சை செய்யவும் தயங்கியதில்லை. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் கதை தெரிந்ததுதான். அவர் குடும்பத்துக்கே குலகுரு சகலாகம பண்டிதர். வயதில் மூத்தவர், ஆகமங்களைக் கரைத்துக் குடித்தவர். சிறுவன் ஒருவன் ஞானம் பேசுகிறானாமே என்று சோதிக்க வந்தவர், ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்கிறார். பிள்ளை வாய் திறக்காமல் அவரை உச்சி முதல் உள்ளங்கால்வரை பார்க்கிறான். கிழவருக்குப் புரிந்துவிடுகிறது. அந்த இடத்திலேயே காலில் விழுந்து, அருணந்தி என்ற பெயரில் அந்தப் பிள்ளைக்குச் சீடராகிறார். பரம்பரை, வயது, பட்டம், படிப்பு எதுவும் குருத்தன்மைக்கு உத்தரவாதம் இல்லை என்பதை இதைவிடத் துணிச்சலாகச் சொன்ன கதை நமக்குள் வேறு இல்லை. குருடன் குருடனுக்கு வழிகாட்டினால் இருவரும் குழியில் விழுவார்கள் என்று திருமூலரும் எச்சரித்திருக்கிறார்.

வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே போனார். 1867-ல் வெளியான திருவருட்பா அச்சுக்குத் தயாரானபோது தன் பெயரை இராமலிங்கசாமி என்று வழங்குவதில் தனக்குச் சம்மதம் இல்லை, அது ஆரவாரமாக இருக்கிறது என்று இறுக்கம் இரத்தின முதலியாருக்குக் கடிதம் எழுதினார். ‘சாமி’ என்ற ஒட்டே அவருக்கு உறுத்தியது. அதே 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்து வருகிறவரிடம் என்ன சாதி, எந்த ஊர், எந்த நிலை வகுப்பு முடித்தாய் என்று அங்கே கேட்பதில்லை. மேட்டுக்குப்பத்தில் கடைசி மாதங்களில், உள்ளே இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இதை வழிபடுங்கள் என்றார். தன்னை வணங்க வந்த கூட்டத்தின் கண்களைத் தன்மீதிருந்து விளக்கின் பக்கம் திருப்பிவிட்டுத்தான், 1874 ஜனவரியில் அவர் அறைக்குள் போனார்.

ஜே.கிருஷ்ணமூர்த்தியின் கதை சென்னையில் தொடங்கியது. 1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டரின் கண்ணில் பட்ட மதனப்பள்ளிச் சிறுவனை, வரப்போகும் உலக குரு என்று அந்தச் சபையார் வளர்த்தார்கள். அவருக்காகவே ஓர் அமைப்பு உண்டாயிற்று. உலகெங்கும் உறுப்பினர்கள், நிலபுலன், பணம் எல்லாம் சேர்ந்தன. 1929 ஆகஸ்ட் 3 அன்று, நெதர்லாந்தின் ஓம்மன் முகாமில், தன்னைத் தாய்போல வளர்த்த அன்னி பெசன்ட் எதிரே இருக்க, அந்த அமைப்பையே கலைத்தார். கொடுத்தவர்களுக்குச் சொத்துகளைத் திருப்பினார். 34 வயதில் ஒரு மனிதன் தனக்குப் போட்ட சிம்மாசனத்திலிருந்து தானே இறங்கிய அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்றும் வணங்கத் தோன்றுகிறது.

ஆனாலும் அவரோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. எந்தப் பிடிமானமும் வேண்டாம், முறையும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம் என்று அவர் சொன்னது, படித்து ஓய்ந்த மனதுக்குப் பொருந்தலாம். நேற்று பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதைச் சொல்ல முடியாது. அவளுக்கு ஒரு சாமி வேண்டும். முட்டி அழ ஒரு தூண் வேண்டும். பக்தி அதைத் தருகிறது. தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிற பெண்ணுக்கு அங்கே கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, நாளை வராவிட்டால் கேட்பவரும் இல்லை. அவளுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் நின்று கணக்குப் பார்க்க ஒருவரும் இல்லாதவரை, பக்தி அவளைச் சிறுமைப்படுத்துவதே இல்லை. மேல்மருவத்தூரில் மாதவிலக்கு நாளிலும் பெண்கள் கருவறைக்குள் போய்த் தங்கள் கையாலேயே பூசை செய்யலாம் என்று வந்தபோது, இலட்சக்கணக்கான பெண்கள் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார்களே, அவர்கள் தேடியதும் இந்த நேரடி உறவைத்தான்.

பக்தி வேறு, தன்னை விசாரிப்பது வேறு என்ற பிரிவினை ரமணரிடமும் இல்லை. மதுரையில் சிறுவயதில் பெரிய புராணம் படித்து உருகியவர். பிச்சைக்குப் போகும் சாதுக்கள் பாடிக்கொண்டு போக, அருணாசலத்தை நோக்கி அட்சரமணமாலையை எழுதிக் கொடுத்தவர். விசாரணை செய், முடியாவிட்டால் சரணடை என்று இரண்டு வழியையும் திறந்து வைத்தார். சரணடைவது மனிதர் ஒருவரின் கட்டளைக்கு என்று அவர் சொல்லவில்லை.

சரணடையும் இடம் தவறும்போது என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. இலங்கை மாத்தளையிலிருந்து வந்து, திருச்சியை அடுத்த பாத்திமா நகரில் ஆசிரமம் நடத்திய பிரேமானந்தாவுக்கு, ஆசிரமத்தில் இருந்த 13 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்கும் ஒரு கொலைக்கும் 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011-ல் தண்டனைக் காலத்திலேயே இறந்தார். தீர்ப்புக்குப் பிறகும் அவரைத் தெய்வமாகக் கொண்டாடியவர்கள் இருந்தார்கள். அவர்களெல்லாம் கெட்டவர்களா? இல்லை. தங்கள் மன நிம்மதி முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டவர்களுக்கு, அவர் குற்றவாளி என்று ஒப்புக்கொள்வது, தங்கள் நிம்மதியே பொய் என்று ஒப்புக்கொள்வதாகிவிடுகிறது. அதற்கு மனம் துணிவதில்லை. ஆசிரமத்துக்குள் வளர்ந்த அந்தப் பெண் பிள்ளைகளின் அழுகை பல காலம் வெளியே கேட்காமல் போனதற்கு இந்தத் துணிவின்மையும் காரணம்.

2024 ஜூலை 2-ல் உத்தரப் பிரதேசம் ஹாத்ரஸில் ஒரு சத்சங்கம் முடிந்த நேரத்தில் 121 பேர் நசுங்கி இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள். 80,000 பேருக்கு அனுமதி வாங்கிய இடத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் கூடியதாகக் காவல்துறையின் முதல் தகவல் அறிக்கை சொன்னது. சத்சங்கம் நடத்திய சாமியாரின் காலடி மண்ணை எடுக்க ஓடியபோது நெரிசல் ஏற்பட்டதாக அதிகாரிகள் தெரிவித்தார்கள். ஒரு பிடி மண்ணில் நோய் தீரும், கடன் தீரும் என்று நம்பி ஓடிய அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல மருத்துவமனையும் ஆறுதல் சொல்ல நாலு பேரும் இருந்திருந்தால் ஓடியிருப்பார்களா என்பதை நாம் எல்லோரும் யோசிக்க வேண்டும்.

மருத்துவம் என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தனியாக அமைதி தேடுவது என்பது எல்லா உதவியையும் உதறுவது ஆகாது. மனம் சோர்வது வேறு, மனநோய் வேறு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல், சாப்பாடு பிடிக்காமல், செத்துப்போகலாம் என்று பேசுகிறவரிடம் ‘தியானம் பண்ணு, சரியாகும்’ என்பது ஆபத்து. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். தர்கா மண்ணில் இருந்தால் குணமாகும் என்று நம்பிக் குடும்பங்கள் கொண்டுவந்து விட்ட மனிதர்கள் அவர்கள். அந்தச் சாம்பலிலிருந்து நாம் ஓரளவு கற்றோம். அதே ஏர்வாடியில் பின்னர் மருந்தும் துஆ என்னும் பிரார்த்தனையும் சேர்ந்தே கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. நம்பிக்கையை விடச் சொல்லாமலே மருத்துவரிடம் கொண்டுவந்த அந்த ஏற்பாடு, ஒவ்வொரு வழிபாட்டுத் தலத்திலும் ஆசிரமத்திலும் வர வேண்டும். இப்போது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

சரி, தானாக எப்படி நடப்பது? இதற்கு நம் ஊரிலேயே எளிய ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி, இல்லறத்தில் வாழ்ந்துகொண்டே, எளிய முறை உடற்பயிற்சியையும் அகத்தாய்வையும் சொல்லிக்கொடுத்தார். கோபம் எப்போது வருகிறது, யார்மீது வருகிறது, வந்தபின் என்ன செய்தோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்கிற வேலை அகத்தாய்வு. ஒரு முறை கற்றுக்கொண்டால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாழ்நாள் முழுக்கச் செய்யலாம்.

ரமணர் சொன்னது இன்னும் சுருக்கம். உட்காருகிறோம். ஐந்து நிமிடம்கூட ஆகாது, மைத்துனன் கல்யாணத்தில் சொன்ன குத்தல் பேச்சு நினைவுக்கு வரும். அதை விரட்ட வேண்டாம், அதன் பின்னால் போகவும் வேண்டாம். இந்த நினைப்பு யாருக்கு வந்தது என்று கேட்க வேண்டும். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டும். அந்தக் கணம் மைத்துனன் நின்றுவிடுவான். மறுகணம் மின்கட்டணம் வரும். மறுபடி அதே கேள்வி. இப்படிப் பத்துத் தடவை, நூறு தடவை. சலிப்பாக இருக்கும், எதுவும் நடக்கவில்லை என்று தோன்றும். ஒளி தெரியாது, உடம்பு அதிராது, யாரும் சான்றிதழ் தர மாட்டார்கள். சில மாதம் கழித்து அதே மைத்துனன் அதே குத்தலைச் சொல்லும்போது, பதில் சொல்லாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்போம். நமக்கே பிறகுதான் அது தெரியும். முகாம்களில் மூன்றாம் நாள் மாலை வருகிற கண்ணீரும் கட்டிப்பிடித்தலும் பொய் என்று நான் சொல்லவில்லை. அவை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வருகின்றனவா என்பதுதான் கேள்வி.

இந்த வேலைக்கு ஒரு நல்ல மனிதரின் துணை கிடைத்தால் பெரும் பாக்கியம். குரு கிடைத்தவர்களைப் பார்த்து நான் பொறாமைகூடப் படுகிறேன். கால் தொட்டு வணங்குங்கள், காய் நறுக்கிக் கொடுங்கள், பாடம் கேளுங்கள். ஆனால், சில பொருள்களை எந்தக் குருவுக்கும் கொடுக்காதீர்கள்: வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவரின் மருந்துச் சீட்டு, கேள்வி கேட்கும் உரிமை. உங்கள் வீட்டுப் பெண் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வரச் சொல்கிற எந்த இடத்திலும் ஒரு நிமிடமும் நிற்காதீர்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அம்மா எப்போது பார்த்தாலும் சாமியார் பேச்சையே கேட்கிறாள் என்று அலுத்துக்கொள்கிறவர்கள், தினம் பத்து நிமிடம் அவளிடம் பேசுங்கள். சாப்பிட்டாயா என்று நீங்கள் கேளுங்கள்.

ஏற்கெனவே ஒரு குருவிடம், ஒரு மையத்தில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஒரு மாதம் அங்கே போகாமல் இருந்து பாருங்கள். கற்றதை வீட்டிலேயே காலையில் அரை மணி நேரம் செய்யுங்கள். முடிந்தபின் உங்கள் தூக்கம், கோபம், வீட்டாரோடு பேச்சு எப்படி இருந்தன என்று எழுதிவையுங்கள். ஏன் வரவில்லை என்று அங்கிருந்து போன் வந்தால், என்ன குரலில் கேட்டார்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அதற்குப் பிறகு போவதா வேண்டாமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.